களைப்பு சகஜம் என்று விட்டுவிடாதீர்கள்

நம் வீடுகளில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்துவிட்டால், அதன் பிறகு அவருக்கு வரும் எல்லா உபாதைக்கும் ஒரே விளக்கம்தான். "கேன்சர் இல்லையா, அப்படித்தான் இருக்கும்." மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, கேன்சர். குளித்து வந்ததும் அரை மணி நேரம் படுக்க வேண்டியிருக்கிறதா, கீமோ மருந்தின் வேலை. பேரனிடம் நாலு வார்த்தை பேசத் தெம்பில்லையா, வயதும் ஆகிவிட்டதல்லவா! இப்படிச் சொல்லிச் சொல்லியே, தீர்க்கக்கூடிய ஒரு குறையையும் பெரிய நோயின் கணக்கில் எழுதிவிடுகிறோம். இரும்புச்சத்துக் குறைவைத்தான் சொல்கிறேன். புற்றுநோயாளியின் களைப்பெல்லாம் இதனால் வருவதில்லை என்பது உண்மை. ஆனால் இதனால் வருகிறதா என்று கண்டுபிடிக்கச் சில இரத்தப் பரிசோதனைகள் போதும். சரி செய்ய மருந்தும் இருக்கிறது. அதைக் குடும்பத்தார் வாய்விட்டுக் கேட்க வேண்டும் என்பதே என் கருத்து.

நம் பெண்களின் நிலையை முதலில் பார்ப்போம். 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. தமிழ்நாட்டில் 53 சதவீதம். அதாவது பல தாய்மார்கள் புற்றுநோய் சிகிச்சைக்குப் போகும்போதே கையிருப்பு இல்லாமல்தான் போகிறார்கள். அதற்கு மேல் குடல், வயிறு, கருப்பை போன்ற இடங்களில் கட்டி இருந்தால் இரத்தம் கசிகிறது. அறுவைச் சிகிச்சையில் கொஞ்சம் இரத்தம் போகிறது. கீமோ நாட்களில் சாப்பாடு இறங்குவதில்லை. வயிற்றின் ஒரு பகுதியை எடுத்துவிட்டால் சாப்பிட்ட இரும்பும் சரியாக உடலில் சேர்வதில்லை.

"சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்" என்பார்கள். புற்றுநோயில் இந்தப் பழமொழிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. சட்டியில் இருக்கும், ஆனால் மூடி பூட்டியிருக்கும். உடம்பில் அழற்சி இருக்கும்போது கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரக்கிறது. அது குடலிலிருந்து இரும்பு உள்ளே வரும் வழியை அடைக்கிறது. சேமிப்பில் உள்ள இரும்பையும் வெளியே விடுவதில்லை. இரத்தம் உற்பத்தியாகும் எலும்பு மஜ்ஜைக்கு இரும்பு போய்ச் சேருவதில்லை. ஹெப்சிடினைப் பற்றி மருத்துவ உலகம் அறிந்துகொண்டதே 2000-ஆம் ஆண்டை ஒட்டித்தான்.

இதனால்தான் இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்ப்பதிலும் ஒரு சிக்கல் வருகிறது. உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது ஃபெரிட்டின். பல லேப்களில் இது மில்லிலிட்டருக்கு 15 நானோகிராமுக்கு மேல் இருந்தாலே 'நார்மல்' என்று போட்டுவிடுவார்கள். ஆனால் அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் தானாகவே ஏறிக் காட்டும். எனவே புற்றுநோயாளிக்கு அந்த அளவுகோல் பொருந்தாது. ஐரோப்பியப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2018-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஃபெரிட்டின் 100-க்குக் கீழே இருந்தால் அது இரும்புக் குறைவு. 100-க்கு மேலே இருந்தும் டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் என்ற இன்னொரு அளவு 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால், இரும்பு இருந்தும் பயன்படவில்லை என்று பொருள். ஹீமோகுளோபினை மட்டும் பார்த்தால் இது எதுவும் தெரியாது. வைட்டமின் பி12, ஃபோலிக் அமிலம், சிறுநீரகம் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கும். கீமோ மருந்தே மஜ்ஜையின் வேலையைக் குறைத்திருக்கவும் கூடும்.

நம்மவர்கள் இத்தனைக்கும் கைக்கொள்ளும் வைத்தியம் மாதுளையும் பீட்ரூட்டும். சிவப்பாக இருப்பதெல்லாம் இரத்தம் ஊற வைக்கும் என்று ஒரு நம்பிக்கை. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 கிலோ எடையுள்ள ஒருவரின் ஹீமோகுளோபின் 8 என்றால், மருத்துவர்கள் போடும் கணக்குப்படி அவருக்குத் தேவைப்படும் இரும்பு சுமார் 1,300 மில்லிகிராம். 100 கிராம் மாதுளையில் இருப்பது அரை மில்லிகிராம்கூட இல்லை. பேரீச்சம்பழத்தில் ஒரு மில்லிகிராம் அளவில் இருக்கிறது. காய்கனியில் உள்ள இரும்பில் பத்தில் ஒரு பங்கு உடலில் சேர்ந்தாலே அதிகம். அசைவம் சாப்பிடுபவர்களுக்கு ஈரல், சுவரொட்டி ஆகியவற்றில் உண்மையாகவே நல்ல இரும்பு உண்டு. அதையும் கீமோ நாட்களில் குமட்டல் விட்டால்தானே சாப்பிட முடியும்? பழச்சாறு கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அன்போடு கொடுப்பது தெம்புதான். ஆனால் பள்ளத்தை அது நிரப்பாது.

அடுத்தது மாத்திரை. குறைவு லேசாக இருந்து, அழற்சியும் இல்லையென்றால் மாத்திரை உதவும். தினம் மூன்று வேளை விழுங்கினால் மூன்று மடங்கு பலன் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். ஒரு வேளை, அல்லது ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுத்தாலே போதும் என்று இப்போது பல மருத்துவர்கள் சொல்கிறார்கள். மாத்திரையோடு காபி, டீ கூடாது. ஆனால் முன்பு சொன்னபடி ஹெப்சிடின் வழியை அடைத்திருந்தால் மாத்திரை மலச்சிக்கலைத்தான் தரும். அப்போது இரத்தக் குழாய் வழியாக இரும்பை ஏற்றுவதே முறை. அயர்ன் சுக்ரோஸ் என்றால் சிறிது சிறிதாகப் பல தடவை போக வேண்டும். ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் என்றால் ஒரே அமர்வில், கால் மணி நேரத்தில் 1,000 மில்லிகிராம் வரை ஏற்ற முடியும். அரிதாக ஒவ்வாமை வரலாம் என்பதால் வசதியுள்ள மருத்துவமனையில்தான் போட வேண்டும். காய்ச்சல், தொற்று இருக்கும்போது கூடாது. சில கீமோ மருந்துகளோடு ஒரே நாளில் கொடுப்பதில்லை. எனவே நாமாகவே கம்பவுண்டரைக் கூப்பிட்டு வீட்டில் போட்டுக்கொள்ளும் ஊசி இல்லை இது.

"இரும்பு கொடுத்தால் கட்டி வளருமாமே?" என்று சிலர் கேட்கிறார்கள். எல்லா உயிரணுக்களைப் போலவே புற்றணுக்களுக்கும் இரும்பு தேவைதான். ஆனால் குறைவு உறுதியான நோயாளிகளுக்கு அளவறிந்து இரும்பு கொடுத்ததில் நோய் முற்றியதாக ஆய்வுகள் காட்டவில்லை. பரிசோதனை செய்யாமல் கண்டபடி கொடுக்கக் கூடாது என்பதற்கு இந்தச் சந்தேகம் ஒரு காரணமாக இருக்கட்டும். தேவைப்படுபவருக்கு மறுப்பதற்குக் காரணமாக வேண்டாம்.

இரத்தம் ஏற்றுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹீமோகுளோபின் 7-க்கு இறங்கி மூச்சுத் திணறும்போது அதுதான் உயிர் காக்கும். ஆனால் ஒரு பாட்டில் இரத்தத்தில் உள்ள இரும்பு 200, 250 மில்லிகிராம்தான். அடிப்படைக் குறையைத் தீர்க்காவிட்டால் திரும்பவும் இரத்தம் தேடி அலைய வேண்டும். ஊரில் என்றால் சித்தப்பா, மாமா, மச்சான் என்று நாலு பேர் ஓடி வருவார்கள். பிழைக்க வந்த ஊரில் இரத்தம் கொடுக்க ஆள் திரட்டுவது என்ன பாடு என்பது பட்டவர்களுக்குத் தெரியும்.

இன்னொரு விஷயமும் இதை ஒட்டியதே. ஐம்பது, அறுபது வயது ஆண் ஒருவருக்கோ, மாதவிடாய் நின்றுவிட்ட பெண்மணிக்கோ இரும்புச்சத்து குறைந்திருந்தால், "வயசாச்சு, டானிக் குடிங்க" என்று விடாதீர்கள். குடலில் ஒளிந்திருக்கும் கட்டியிலிருந்து கண்ணுக்குத் தெரியாமல் இரத்தம் கசிவது அதற்குக் காரணமாக இருக்கலாம். இரைப்பையையும் பெருங்குடலையும் கேமரா குழாய் விட்டுப் பார்க்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். டானிக்கால் ஹீமோகுளோபின் சற்று ஏறிவிட்டால், கட்டி இன்னும் ஆறு மாதம் நிம்மதியாக ஒளிந்திருக்கும்.

மும்பை வாழ் தமிழர்களுக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. 1941 முதல் பரேலில் இயங்கும் டாடா மெமோரியல் மருத்துவமனைக்கு நாடு முழுவதிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். ஊரிலிருந்து வரும் நம் உறவினரும் மாதுங்கா, செம்பூர், தாராவி வீடுகளில் தங்கித்தான் வைத்தியம் பார்க்கிறார்கள். எந்த மருத்துவமனையானாலும் அங்கே பேச்சு இந்தியிலோ மராத்தியிலோதான். "கைஸே ஹோ, மாஜி?" என்று நர்ஸ் கேட்டால், தெரிந்த ஒரே பதிலான "டீக் ஹை" என்பதைச் சொல்லிவிட்டு அம்மா பேசாமல் உட்கார்ந்துவிடுகிறார். மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது, நெஞ்சு படபடக்கிறது என்று தமிழில் நம்மிடம் வழியெல்லாம் சொன்னது எதுவும் டாக்டர் காதுக்குப் போவதில்லை. களைப்புக்கு 'கம்ஜோரி', இரத்தசோகைக்கு 'கூன் கீ கமீ' என்ற இரண்டு வார்த்தைகளையாவது கற்றுக் கொடுத்து அனுப்புவோம். கூடப் போகிறவர் இரண்டே கேள்விகளை ஒரு சீட்டில் எழுதிக்கொள்ளட்டும்: "ஃபெரிட்டினும் டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷனும் பார்த்தாயிற்றா? குறைவாக இருந்தால் இவருக்கு மாத்திரை போதுமா, ஏற்ற வேண்டுமா?"

நம் சங்கங்கள் பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்துவது நல்லதுதான். அதோடு, மொழி தெரியாத நோயாளிகளோடு மருத்துவமனைக்குப் போய்வர வாரத்தில் அரை நாள் ஒதுக்கக்கூடிய உறுப்பினர்களின் பட்டியல் ஒன்றையும் தயாரிக்கலாமே? ஓய்வு பெற்றவர்கள் நம்மில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். பணம் அதிகம் தேவையில்லை. நோயாளிக்காக வாயைத் திறந்து கேட்க ஓர் ஆள் பக்கத்தில் இருந்தால் போதும்.