எண்ணில் குற்றமில்லை

கடந்த ஆண்டு நம் கழகத்தின் செயற்குழுக் கூட்டம் ஒன்று இரவு பத்து மணியைத் தாண்டியும் முடியவில்லை. ஆண்டு நாடகத்தின் இணையத்தளத்திற்கு என்ன பெயர் வைப்பது என்பதுதான் சிக்கல். நாங்கள் விரும்பிய பெயரை யாரோ முன்பே வாங்கிவிட்டார்கள். "பெயருக்குப் பின்னால ஆண்டைச் சேர்த்துக்கலாமே" என்றார் ஒருவர். கணினித் துறையில் பயிலும் அண்ணன் ஒருவர் உடனே மறுத்தார்: "பெயர்ல எண் வந்தா கூகுள் நம்மைக் கீழே தள்ளிடும்."

அன்று நான் வாய் திறக்கவில்லை. இன்று சொல்கிறேன். அண்ணன் மறுத்தது சரி; சொன்ன காரணம் தவறு.

தளப்பெயரில் எண் இருப்பதற்காகக் கூகுள் எந்தத் தளத்தையும் தண்டிப்பதில்லை. பெயரில் உள்ள சொற்களே தரவரிசையை ஏறக்குறைய அசைப்பதில்லை என்று அதன் வழிகாட்டி தெளிவாகக் கூறுகிறது. தேடப்படும் சொல்லையே பெயராக வைத்துக்கொண்டு, உள்ளே சரக்கில்லாமல் முன்வரிசையில் நின்ற தளங்களை 2012 செப்டம்பரில் அது பின்னுக்குத் தள்ளியது. பெயரே அவற்றைக் காப்பாற்றவில்லை என்றால், ஓர் எண்ணா நம்மைக் கெடுத்துவிடும்?

நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. 2011 முதல் இணைய முகவரியின் இறுதியில் ".சிங்கப்பூர்" என்று தமிழிலேயே எழுத வழி உண்டு. ஆனால் இணையத்தின் பெயரமைப்பு ஆங்கில எழுத்து, எண், இடைக்கோடு ஆகியவற்றைக் கொண்டே இயங்குகிறது. ஆகவே நாம் எழுதும் "சிங்கப்பூர்" கணினிக்குள் வேறொரு குறியீட்டுச் சரமாக மாறுகிறது. அந்தச் சரத்தில் ஐந்து எண்கள் உள்ளன! இரு வடிவங்களையும் ஒன்றாகவே கருதுவதாகக் கூகுள் 2015இல் அறிவித்தது.

பெயரில் எண் வைப்பது நமக்குப் புதிதுமன்று. புறநானூறு என்றால் நானூறு பாடல்கள். ஐங்குறுநூறு என்றால் ஐந்நூறு. ஒலி 968 என்றால் அது நம் வானொலியின் அலைவரிசை. சீனாவில் ரயில் பயணச்சீட்டு விற்கும் தளத்தின் பெயரே 12306. அது அந்த ரயில்வேயின் தொலைபேசி எண். இந்த எண்கள் எல்லாம் ஒரு பொருளைச் சொல்கின்றன. கேட்டவர் மறப்பதில்லை.

அப்படியானால் ஆண்டு எண்ணை மட்டும் நான் ஏன் எதிர்க்கிறேன்?

சில மாதங்களுக்கு முன் முதலாமாண்டுத் தங்கை ஒருவர், நம் கழகம் முன்பொரு சமயம் மேடையேற்றிய நாடகத்தின் பிரதியைக் கேட்டார். பழைய நிகழ்ச்சி மலரைத் தேடியெடுத்தேன். பின்னட்டையில் முகவரி இருந்தது, ஆண்டு எண்ணோடு. ஆவலுடன் தட்டினேன். கடன் தருவதாக ஒரு விளம்பரம் திரையில் விரிந்தது. நாடகம் இல்லை, எழுதியவர் பெயர் இல்லை, இரவெல்லாம் விழித்து ஒத்திகை பார்த்தவர்களின் ஒரு படம்கூட இல்லை.

நடந்தது இதுதான். நம் செயற்குழுவின் ஆயுள் ஓராண்டு. புதிய குழு புதிய ஆண்டோடு புதிய பெயரை வாங்கும். பழைய பெயருக்குக் கட்டணம் கட்ட எவரும் நினைப்பதில்லை. தவணை தப்பினால் அது மீண்டும் சந்தைக்கு வரும், யாரும் வாங்கலாம். மற்ற தளங்கள் நமக்குத் தரும் இணைப்புகளையும் ஒரு சான்றாகக் கொண்டே தேடுபொறி நம்மை எடைபோடுகிறது. பெயர் மாறினால் அந்த இணைப்புகள் வெற்றிடத்தைச் சுட்டுகின்றன. பழைய முகவரியிலிருந்து புதியதற்கு நிரந்தர வழிமாற்று அமைக்கலாம்தான். ஆனால் பழைய பெயர் நம் கையில் இருக்கும் வரையில்தான் அது வேலை செய்யும்.

ஆக, எண் நம்மைக் கீழே தள்ளவில்லை. ஆண்டுதோறும் நாமே வீட்டைப் பூட்டிச் சாவியைத் தொலைத்துவிட்டு, அடுத்த தெருவில் புதுக்குடித்தனம் போகிறோம்.

"ஒவ்வொரு குழுவுக்கும் தனி அடையாளம் வேண்டாமா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான ஆசை. ஆண்டு எண்ணைத் தளப்பெயரில் ஒட்டாமல், அதைத் தொடரும் சாய்கோட்டுக்குப் பின்னால் வைப்போம். ஒரே வீடு, ஆண்டுக்கு ஓர் அறை. அறையை அவரவர் விருப்பம்போல் அலங்கரிக்கட்டும்.

வரும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நான் முன்வைக்கப்போகும் தீர்மானம் எளிது. கழகத்திற்கு நிலையான ஒரே பெயர். அதன் கட்டணம் ஒவ்வோர் ஆண்டும் வரவுசெலவின் முதல் வரியில். பொறுப்பு ஒப்படைக்கும் நாளில் கணக்குப் புத்தகத்தோடு தளத்தின் கடவுச்சொல்லும் கைமாற வேண்டும்.

நண்பர்களே, எண் வேண்டுமா வேண்டாமா என்று இன்னோர் இரவு விவாதிக்கலாம். ஆனால் அந்தத் தங்கைக்குக் கொடுக்க அந்த நாடகப் பிரதி என்னிடம் இன்னும் இல்லை. உங்களில் யாரேனும் வைத்திருந்தால் கொடுத்து உதவுங்கள். முதல் அறையில் முதலில் அதையே வைப்போம்.