வணிகன் பெயரில் ஓர் உடுப்பு

'பனியன்' என்பது ஆங்கிலக் கலப்பு, அதை விலக்கி 'உள்ளாடை' என்றெழுத வேண்டும் எனச் சொல்லும் தூய்மைவாதிகள் நம்மிடையே உண்டு. 'பனியன் கம்பெனி' என்ற தொடர் காதில் விழாமல் ஒரு தெருவைக் கடக்க முடியாத திருப்பூரில் இருந்துகொண்டு அதை ஏற்பது நமக்குக் கடினம். அச்சொல்லின் வழித்தடமும் அவர்கள் தரப்புக்கு உதவுவதாயில்லை.

குஜராத்தியில் வணிகனை 'வாணியோ' என்பர். வடமொழி 'வணிஜ்' அதன் மூலம். நம் 'வணிகன்' அதற்கு உறவு. மேலைக் கடற்கரைத் துறைமுகங்களில் அவ்வணிகரோடு பழகிய போர்த்துக்கீசியர் வழியே அது ஆங்கிலத்தில் 'பனியன்' ஆயிற்று. பாரசீக வளைகுடாவில், பந்தர் அப்பாஸ் அருகே, அவ்வணிகர் கூடிய ஆலமரத்துக்கும் அப்பெயரே ஒட்டிக்கொண்டது. அவர்கள் புலால் உண்ணாதவர்களாதலால், ஆங்கிலக் கடற்படையில் இறைச்சி வழங்கப்படாத நாள் 'பனியன் நாள்' எனப்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பியக் கனவான்கள் வீட்டில் அணிந்த தளர்ந்த அங்கியும் பனியன்தான். யூலும், தஞ்சையில் நீதிபதியாயிருந்த பர்னலும் தொகுத்து 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி, மஸ்லின் உள்சட்டையைக் குறித்த இச்சொல் பிற்பாடு பின்னல் துணியாலான உள்சட்டைக்கு வழங்கலாயிற்று என்கிறது. இன்று இங்கிலாந்தில் இப்பொருளில் இச்சொல்லை அறிந்தோர் அரியர். அங்கே மங்கிய சொல் நொய்யல் கரையில் ஓர் ஊருக்கே சோறு போடுகிறது. இதை அந்நியமென்று எப்படித் தள்ளுவது?

ஆயினும் ஒன்று உறுத்துகிறது. இந்நெடும் பயணத்தில் உடுப்பின்மீது நிலைத்தது விற்றவன் பெயர். பின்னியவர், தைத்தவர் பெயர் எங்குமே ஒட்டவில்லை. 1984இல் இந்நகரின் பனியன் தொழிலாளர் பஞ்சப்படி கேட்டு 127 நாள்கள் வேலைநிறுத்தம் செய்தனர். எந்த அகராதியின் 'பனியன்' பதிவும் அவர்களை நினைவூட்டப் போவதில்லை.

அவர்களுடைய சொற்களையேனும் நாம் காக்கலாம். ஓவர்லாக், பேட்லாக், கைமடி, செக்கிங், பவர் டேபிள், பீஸ் ரேட் என ஒவ்வொன்றுக்கும் இங்கே துல்லியமான பொருளும், கூலியும், தொழிற்கூடத்தில் ஒரு படிநிலையும் உண்டு. எந்திரம் மாறினால் சொல்லும் மறையும். சங்கச் சொல்லடைவு தயாரிக்கும் நம் தமிழ்த்துறைகள், ஆய்வு மாணவர் சிலரையேனும் தையல் மேசைகளுக்கு அனுப்பி, வழங்குவோர் வாய்மொழியாகவே இவற்றைத் தொகுக்க வேண்டும். அம்மாணவரில் பலருக்கு அம்மேசைகள் புதியனவல்ல. அவர்கள் பெற்றோர் அமர்ந்திருக்கும் இடங்களே அவை.