அபூர்வப் பறவை இருக்கட்டும், கொக்கை எண்ணுங்கள்

வயலில் வெள்ளையாக எது நின்றாலும் பலருக்கும் அது கொக்குதான். மாட்டின் காலடியில் பூச்சி பொறுக்கும் உண்ணிக்கொக்குக்கு மஞ்சள் அலகு. சேற்றைக் காலால் கிளறி மீன் தேடும் சின்னக் கொக்குக்கு அலகும் காலும் கறுப்பு, விரல்கள் மட்டும் மஞ்சள். வரப்போரம் மண் நிறத்தில் குந்தியிருக்கும் மடையானோ, பறக்க எழுந்ததும் வெள்ளைவெளேரென்று ஆகிவிடும். இவற்றைப் பிரித்தறியக் கொஞ்சம் பொறுமை போதும். பறவை நோக்குதலின் அரிச்சுவடி இதுதான்.

அந்த அரிச்சுவடியைத் தாண்டிக் குதிக்கும் அவசரம் இப்போது கூடியிருக்கிறது. எங்கோ ஓர் ஏரியில் அபூர்வ விருந்தாளி வந்திறங்கிய செய்தி வாட்ஸ்அப்பில் பரவினால், மறுநாள் விடியலில் நீண்ட லென்ஸ்கள் அங்கே வரிசை கட்டுகின்றன. படத்துக்காகக் கைபேசியில் பறவையின் குரலை ஒலிக்கவிடுவோரும் உண்டு. தன் எல்லைக்குள் போட்டியாளன் புகுந்துவிட்டதாக எண்ணி அந்தப் பறவை இரையையும் கூட்டையும் விட்டுவிட்டு வருகிறது. கேமரா வைத்திருப்பதில் குற்றமில்லை. ஆனால் தவிட்டுக் குருவியும் மைனாவும் நிறைந்த சாதாரணப் பட்டியலை எழுத ஆள் குறைவதுதான் கவலை. அறிவியலுக்கு அதிகம் உதவுவது அந்தப் பட்டியலே.

சிட்டுக்குருவியின் கதை இதற்குச் சாட்சி. செல்போன் கோபுரங்கள் சிட்டுக்குருவியை அழித்துவிட்டன என்பது ஊரறிந்த நம்பிக்கை. 2018இல் வெளிவந்த '2.0' படத்தின் பக்ஷிராஜன் என்ற கதாபாத்திரம் அந்த நம்பிக்கையை இன்னும் ஆழமாக ஊன்றியது. 2020இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கையோ வேறொன்றைச் சொன்னது. சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் சிட்டுக்குருவி குறைந்திருக்கிறது. நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் எண்ணிக்கை பெரிதும் மாறவில்லை. கோபுரக் கதிர்வீச்சுதான் காரணம் என்பதற்கும் ஆதாரம் இல்லை.

இதைக் கண்டறிய உதவியவர்கள் யார்? மொட்டை மாடியிலும் குளக்கரையிலும் நின்று எண்ணிக் குறித்தவர்கள்தான்.

2023இல் வந்த அடுத்த அறிக்கை 942 இனங்களை ஆராய்ந்தது. சுமார் 30,000 பறவை ஆர்வலர்கள் இ-பேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் பதிந்த மூன்று கோடிக் குறிப்புகள் அதன் அடித்தளம். மயிலும் குயிலும் பெருகுவதையும், மின்கம்பியில் நீலச் சிறகோடு அமரும் பனங்காடை குறைந்துவருவதையும் அது காட்டியது. ஒரு பட்டியலில் பனங்காடை இல்லை என்றால் அதுவும் தகவலே. கண்ட பறவை எல்லாவற்றையும் எழுதினால்தான், எழுதாமல் விட்டதற்கும் பொருள் உண்டு. அபூர்வங்களை மட்டும் குறிப்பவரின் பட்டியலில் இந்தக் கணக்கு நிற்காது.

'ஆர்வலர்கள் தப்பாக அடையாளம் கண்டால்?' என்ற கேள்வி நியாயமானது. வழக்கத்துக்கு மாறான பதிவுகளை அந்தந்தப் பகுதியின் அனுபவசாலிகள் சரிபார்க்கிறார்கள். சந்தேகம் வந்தால் விவரம் கேட்கிறார்கள். குரலை வைத்துப் பெயர் சொல்லும் மெர்லின் செயலியும் துணைக்கு உண்டு. ஆனால் அது சொல்வது ஊகம்தான். அலகையும் வாலையும் நடையையும் பார்த்து உறுதி செய்ய வேண்டியவர் பார்ப்பவரே.

2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கலை ஒட்டி நான்கு நாள் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்டதையும் கேட்டதையும் எண்ணி இ-பேர்டில் பதிந்தால் போதும். பள்ளிக் கல்வித் துறை இதைக் கையிலெடுக்கலாம். எட்டு மடங்கு பெரிதாக்கும் சாதாரண பைனாகுலர் இரண்டும், ஒரு பதிவேடும் ஒவ்வோர் அரசுப் பள்ளிக்கும் கொடுத்தால் நல்லது. வாரம் ஒருமுறை வளாகத்து மரங்களையும் பக்கத்துக் குளத்தையும் மாணவர்கள் எண்ணட்டும். பத்தாண்டுப் பதிவேடு கையில் இருந்தால், அந்தக் குளத்தைத் தூர்க்க யாராவது வரும்போது கிராம சபையில் எடுத்து வைக்க ஊராரிடம் எழுத்துபூர்வமான சான்று இருக்கும்.