புதிய நாடு தேடும் முதலீட்டாளர்கள்: ஏற்கெனவே அங்கு வாழ்வோரின் சம்மதம் எங்கே?

மும்பை: வரியும் கட்டுப்பாடும் குறைந்த புதிய நாட்டை நிறுவும் முயற்சிகள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடந்து வருகின்றன. பசிபிக் பெருங்கடலில் பவளத்திட்டின் மீது மணலைக் கொட்டி 1972-இல் அறிவிக்கப்பட்ட 'மினர்வா குடியரசை' சில மாதங்களிலேயே டோங்கா அரசு கைப்பற்றியது. அன்று அது வேடிக்கைச் செய்தி. இன்று இத்தகைய முயற்சிகளுக்குப் பின்னால் பெரும் முதலீடு உள்ளது.

அவற்றுக்குக் கோட்பாடு வகுத்தவர்களில் முக்கியமானவர், அமெரிக்காவில் பிறந்த தமிழ் வம்சாவளித் தொழில்முனைவர் பாலாஜி ஸ்ரீனிவாசன். ஒத்த கருத்துடையோர் முதலில் இணையத்தில் ஒன்றுகூடி, பணம் திரட்டிப் பல இடங்களில் நிலம் பெற்று, இறுதியில் பிற நாடுகளின் அங்கீகாரத்தை அடைய வேண்டும் என்று 2022-இல் வெளியான 'தி நெட்வொர்க் ஸ்டேட்' நூலில் அவர் வாதிடுகிறார். மலேசியாவின் ஜொகூர் மாநிலத்திலுள்ள ஃபாரஸ்ட் சிட்டியில் 2024-இல் 'நெட்வொர்க் ஸ்கூல்' என்ற குடியிருப்பையும் தொடங்கினார்.

விரும்புவோர் மட்டுமே சேர்வதால் இதில் வற்புறுத்தல் இல்லை என்பது ஆதரவாளர்களின் வாதம். உள்ளே வருவோரைப் பொறுத்தவரை அது சரியே. ஆனால் ஆளில்லாத நிலம் அரிது. கடலைத் தூர்த்து எழுப்பப்பட்ட ஃபாரஸ்ட் சிட்டியே தங்கள் மீன்பிடிப் பகுதிகளைப் பாதித்தது என ஜொகூர் மீனவர்கள் முறையிட்டதுண்டு.

ஹோண்டுராஸின் ரோவாத்தான் தீவிலுள்ள 'ப்ராஸ்பெரா' இதற்குத் தெளிவான சான்று. தனி ஆட்சி மண்டலங்களுக்கான முதல் சட்டத்தை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2012-இல் செல்லாது என அறிவித்தது. அதே ஆண்டில் நீதிபதிகள் நால்வரை நாடாளுமன்றம் பதவி நீக்கியது. 2013-இல் புதிய சட்டம் வந்தது. அதன்கீழ் உருவான ப்ராஸ்பெராவின் ஒன்பது உறுப்பினர் மன்றத்தில் நால்வரை நிறுவனமே நியமிக்கிறது. தீர்மானம் நிறைவேற ஆறு வாக்குகள் தேவை. நிறுவனம் விரும்பாத எதுவும் நிறைவேறாது என்பதே இதன் பொருள். அருகிலுள்ள கிராஃபிஷ் ராக் கிராமத்தினர் நிலம் பறிபோகும் என அஞ்சினர்; கட்டாயக் கையகப்படுத்தலை நாடமாட்டோம் என நிறுவனம் உறுதியளித்தது.

2022-இல் சட்டம் ரத்தானதும், நிறுவனம் சுமார் 1,070 கோடி டாலர் இழப்பீடு கோரியது. அரசுகளிடமிருந்து விடுதலை வேண்டுவோர், அரசுகள் செய்துகொண்ட வர்த்தக ஒப்பந்தத்தின் துணையையே நாடியது கவனிக்கத்தக்கது. 2024 செப்டம்பரில் இம்மண்டலங்கள் அரசமைப்புக்கு முரணானவை என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பிடிக்காத ஆட்சியைவிட்டு வெளியேறுவது, மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இருந்து அமெரிக்கா சென்ற பொறியாளர் குடும்பங்களுக்குக் கைவரக்கூடிய வழி. தாராவியில் தொழிலும் வீடும் ஒரே அறையில் உள்ள தமிழ்க் குடும்பத்துக்கு அப்படியன்று.

தாராவி தனி நாடன்று. அதன் மறுசீரமைப்பில் மகாராஷ்டிர அரசுக்கு 20 சதவீதப் பங்கும் அதானி குழுமத்துக்கு 80 சதவீதப் பங்கும் உள்ளன. ஆயினும் யாரைக் கணக்கில் சேர்ப்பது என்ற கேள்வி இங்கும் எழுகிறது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்போருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். பின்னர் வந்தோருக்கும் மேல்தளவாசிகளுக்கும் வெளியே இடம். அதற்கென ஒதுக்கப்பட்டவற்றுள் செம்பூரை அடுத்த தேவ்னார் குப்பைக் கிடங்கு நிலமும் அடங்கும்.

அவர்கள் நீதிமன்றத்தை நாடலாம், சட்டமன்றத் தேர்தலில் வாக்களிக்கலாம். கிராஃபிஷ் ராக்கைவிட மேலான நிலைதான். ஆனால் 2025 மே மாதம் தாராவியின் முதன்மைத் திட்டம் ஒப்புதல் பெற்றபோது, மும்பை மாநகராட்சியில் மூன்றாண்டுகளாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் ஒருவர்கூட இல்லை.