இல்லாத வாடகைக்கு வரி, இருப்பவருக்குக் கழிவு

கடந்த ஜனவரியில் எங்கள் ஒழுங்கையில் இரண்டு வீட்டுக்காரர் சோலைவரி கட்டினார்கள். ஒருவரின் பிள்ளைகள் கனடாவில் இருக்கிறார்கள். ஆண்டு முழுவதற்குமான தொகையை 31ஆம் திகதிக்கு முன்பே செலுத்தி, 10 வீதக் கழிவைப் பெற்றுக்கொண்டார். மற்றவர் ஓய்வுபெற்ற ஆசிரியை, கணவரை இழந்தவர். ஓய்வூதியத்தில் மருந்துச் செலவு போக எஞ்சியதைக் கொண்டு முதற் காலாண்டுக்குரியதை மட்டும் கட்டினார். அவருக்குக் கிடைத்தது 5 வீதம். அடுத்த காலாண்டின் முதல் மாதம் கைதவறிப் போனது. அந்த ஐந்தும் இல்லை.

வீட்டுச் சொந்தக்காரருக்கு நமது உள்ளூராட்சி மன்றங்கள் தரும் சலுகை என்று ஊரறிந்தது இந்தக் கழிவுதான். காசு முற்கூட்டியே வந்து சேரவேண்டும் என்பதற்காகச் சபை போடும் தூண்டில் அது. அதில் குற்றமில்லை. அதற்குச் சலுகை என்று பெயர் சூட்டுவதுதான் எனக்கு ஒவ்வாதது. கழிவு வருமானத்தைப் பார்ப்பதில்லை. கையிருப்பை மட்டுமே பார்க்கிறது.

இன்னொன்று. இவ்வரி கணிக்கப்படுவது வீட்டின் ஆண்டுப் பெறுமதியின்மீது. அதாவது, வாடகைக்கு விட்டால் நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய தொகை. ஆசிரியையோ தம் வீட்டை ஒருநாளும் வாடகைக்கு விட்டவரல்லர். 2024இல், சர்வதேச நாணய நிதியத்துடனான வேலைத்திட்டத்தின் பகுதியாக, பெறாத வாடகையை வருமானமாகக் கொள்ளும் வரி பற்றிய பேச்சு எழுந்தபோது நாடே பதறியது. குடியிருக்கும் வீட்டுக்கு விலக்கு உண்டென்று அப்போதைய அரசாங்கம் விளக்கம் சொல்லவேண்டியதாயிற்று. பதறியவர்களுள் எவரும் தம் அலுமாரியிலிருந்த சோலைவரிப் பற்றுச்சீட்டை எடுத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. பிரித்தானியர் காலந்தொட்டு நாம் கட்டிவருவதும் அத்தகைய கற்பனை வாடகைக்கே.

முதியோரைக் காப்பதற்காக வரியை எல்லோருக்கும் கட்டிப்போடுவதும் தீர்வாகாது. கலிபோர்னியாவில் 1978இல் வாக்கெடுப்பின் மூலம் அதைச் செய்தார்கள். வரி 1 வீதம். மதிப்பீடு கைமாறும்வரை ஆண்டுக்கு 2 வீதத்துக்குமேல் உயராது. விதவை தப்பினாள், உண்மைதான். கோடீசுவரனும் தப்பினான். அயலில் புதிதாக வீடு வாங்கிய இளம் குடும்பம் பன்மடங்கு கட்டுகிறது.

எனக்குப் பிடித்தது கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்து ஏற்பாடு. 55 வயது கடந்தவர்கள் தாம் வாழும் வீட்டின் வரியை ஒத்திவைக்கலாம். மாகாணம் நகரசபைக்குக் கட்டிவிடும். அத்தொகை வட்டியோடு வீட்டின்மீது பொறுப்பாக நின்று, வீடு விற்கப்படும்போது அறவிடப்படும். சபைக்கு நட்டமில்லை. முதியவருக்கு நெருக்கடியுமில்லை. இங்கே இதைச் செய்ய மாகாணத்துக்குப் பணம் வேண்டும் என்பது மெய்யே. ஆனால் தனித்து வாழும் முதியோருக்கு மட்டுமேனும் தொடங்கலாம்.

இதை ஆசிரியையிடம் சொன்னேன். "வீட்டிலே கடனை வைச்சிட்டுச் சாகச் சொல்லுறீரோ தம்பி?" என்று கேட்டார்.

வீட்டுக்கு உரித்தாளியான பெறாமகன் ஜேர்மனியில் இருக்கிறார். கடன் உங்களுடையதல்ல, அவருடையது என்றேன். அவர் சம்மதிக்கவில்லை. மூன்றாம் காலாண்டுக்கென்று ஒரு கடித உறையில் காசு சேர்த்து வருகிறார்.