மலையேறினால் எத்தனை பஜ்ஜி?



இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரியின் முதலாண்டு மாணவர்களை ஏற்காட்டிற்கு அழைத்துச் சென்றிருந்தேன். பேருந்து சேர்வராயன் மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஒவ்வொன்றாகச் சுற்றி ஏறிக்கொண்டிருந்தபோது, பின்னிருக்கையிலிருந்து ஒரு மாணவர் கேட்டார்: “சார், இதே மலையை நடந்தே ஏறினால் எத்தனை கிலோ குறையும்?” எல்லோரும் சிரித்தார்கள். அது நல்ல இயற்பியல் வினா என்று சொல்லி, மேலே போய்க் கணக்குப் போடலாம் என்றேன்.

ஆனால் மேலே போனதும் கணக்குப் போட நேரமில்லாமற் போயிற்று. ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்த ஒரு மாணவி தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். “என்னம்மா, காலையில் என்ன சாப்பிட்டாய்?” என்று கேட்டேன். “ஒன்றும் இல்லை சார்” என்றாள். மேலும் விசாரித்ததில், எடையைக் குறைப்பதற்காக நான்கு நாட்களாகவே காலை உணவை விட்டுவிட்டது தெரிய வந்தது. கைப்பேசியில் யாரோ சொன்ன யோசனையாம். அருகிலிருந்த கடைக்கார அம்மா, சர்க்கரை போட்ட காப்பியும் இரண்டு இட்டிலியும் கொடுத்து அவளைத் தேற்றினார். அந்தப் பெண்ணுக்கு எடை குறைய வேண்டிய தேவைதான் இருந்ததா என்பதே எனக்கு ஐயம். இக்கட்டுரை எழுதக் காரணம் அவள்தான்.

முதலில் அந்த மாணவரின் கணக்கைப் பார்த்துவிடுவோம். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டரில். ஏற வேண்டிய உயரம் 1,200 மீட்டர் என்று கொள்வோம். 50 கிலோ எடையுள்ள ஒருவர் இதனை ஏறும்போது அவர் பெறும் நிலையாற்றல் எவ்வளவு? நிறை, ஈர்ப்பு முடுக்கம், உயரம் ஆகிய மூன்றையும் பெருக்குங்கள். 50 × 9.8 × 1,200 = 5,88,000 ஜூல். கலோரிக்கு மாற்றினால் 140 கிலோகலோரி. (உணவுப் பொட்டலங்களில் வெறுமனே ‘கலோரி’ என்று அச்சிட்டிருந்தாலும் அது கிலோகலோரிதான். பாடநூல் கலோரியைப் போல் அது ஆயிரம் மடங்கு.)

140 கிலோகலோரி என்பது என்ன? ஒரு கிராம் கொழுப்பு 9 கிலோகலோரி தருகிறது. ஆக, பதினைந்தரை கிராம் எண்ணெய்; ஒரு மேசைக்கரண்டியை விடச் சற்று அதிகம். ஒரு முழு மலைக்கு ஒரு கரண்டி எண்ணெய்!

நம் தசைகள் அவ்வளவு திறமையான எந்திரங்கள் அல்ல என்பதனையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். செலவிடும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கோ ஐந்தில் ஒரு பங்கோதான் வேலையாக மாறுகிறது. மீதி வெப்பமாகி வியர்வையாய் வெளியேறுகிறது. ஆகவே உண்மைச் செலவு 560 முதல் 700 கிலோகலோரி வரை இருக்கும். உடலில் ஒரு கிலோ கொழுப்புத் திசு ஏறத்தாழ 7,700 கிலோகலோரியைச் சேமித்து வைத்திருக்கிறது. வகுத்துப் பாருங்கள். மலையை முழுதும் நடந்தே ஏறினாலும் கரைவது சுமார் 80 கிராம்தான். எடைக்கருவியில் அதற்கு மேல் குறைந்து தெரிந்தால் அது வியர்வை; இரண்டு குவளைத் தண்ணீரில் திரும்பிவிடும்.

நடப்பது வீண் என்று சொல்ல வரவில்லை. இதயத்துக்கும் எலும்புக்கும் மனத்துக்கும் நடையைப் போன்ற நண்பன் இல்லை. ஆனால் மலையேறிக் கரைத்ததை ஏரிக்கரையில் பத்தே நிமிடத்தில் திரும்பப் பெற்றுவிடலாம் என்பதே கணக்கு சொல்லும் செய்தி. அப்படியானால் பஜ்ஜியை விட்டுவிட வேண்டுமா? பிடித்ததையெல்லாம் துறந்து பட்டினி கிடக்க வேண்டுமா? இங்கேதான் நான் பலரோடு மாறுபடுகிறேன்.

பண்டம் ஒன்று வேக வேண்டுமானால் அதற்கு வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தை யார் சுமந்து வருகிறார்கள் என்று பாருங்கள். இட்டிலிச் சட்டியில் நீராவி சுமந்து வருகிறது. ஒரு கிராம் நீராவி குளிர்ந்து நீராகும்போது ஏறத்தாழ 2,260 ஜூல் உள்ளுறை வெப்பத்தை மாவுக்குக் கொடுக்கிறது. கொடுத்த பின் அது வெறும் தண்ணீர். அதில் உணவாற்றல் சுழி. வாணலியில் வெப்பத்தைச் சுமப்பது எண்ணெய். அதுவும் வெப்பத்தைக் கொடுக்கிறது. ஆனால் கொடுத்துவிட்டுப் போய்விடுவதில்லை. கிராமுக்கு 9 கிலோகலோரியோடு பண்டத்துக்குள்ளேயே குடியேறிவிடுகிறது. ‘கனமான’ தின்பண்டத்துக்கும் ‘இலேசான’ தின்பண்டத்துக்கும் உள்ள வேறுபாட்டில் பெரும்பகுதி இவ்வளவுதான். கடலைமாவும் உருளைக்கிழங்கும் குற்றவாளிகள் அல்ல.

எண்ணெய் எப்போது உள்ளே போகிறது என்பது இன்னும் சுவையான செய்தி. பஜ்ஜி கொதிக்கும் எண்ணெயில் கிடக்கும்போது, மாவிலுள்ள நீர் ஆவியாகிக் குமிழ் குமிழாக வெளியே பாய்கிறது. அந்தப் பாய்ச்சல் எண்ணெயை எளிதில் உள்ளே விடுவதில்லை. வெளியே எடுத்து வைத்த பின் நுண்துளைகளில் எஞ்சிய ஆவி குளிர்ந்து நீராகிறது. உள்ளே அழுத்தம் குறைகிறது. மேற்புறத்தில் ஒட்டியிருக்கும் எண்ணெய் உள்ளே உறிஞ்சப்படுகிறது. எண்ணெயின் பெரும்பங்கு நுழைவது இந்தச் சில நொடிகளில்தான். எனவே எடுத்தவுடன் சூட்டோடு சூடாகச் சல்லடைக் கரண்டியில் நன்றாக உதறி, ஒன்றன்மேல் ஒன்று குவிக்காமல் வைத்தாலே ஓரளவு எண்ணெய் மிச்சம். காசு செலவில்லாத முறை இது!

வீட்டில் சமையலறைத் தராசு இருந்தால் பெரியவர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஒரு சோதனை செய்யலாம். பொரிக்கும் முன் வாணலியோடு எண்ணெயை நிறுத்துக்கொள்ளுங்கள். பொரித்து முடித்து, முற்றிலும் ஆறிய பின் மறுபடி நிறுங்கள். வேறுபாடு 30 கிராம் என்றால் 270 கிலோகலோரி பஜ்ஜிக்குள் போயிருக்கிறது என்று பொருள். இந்த எண்ணைக் கண்ணால் பார்த்தவருக்கு வேறு அறிவுரை தேவைப்படாது.

சேலத்துக்காரர்களுக்குத் தட்டுவடை செட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்ற ஊர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: இரண்டு சிறு தட்டுவடைகளுக்கு நடுவே துருவிய பீட்ரூட், காரட், வெங்காயம், மேலே சட்டினி. பள்ளி விட்டு வரும் வழியில் அதைத் தின்னாமல் வளர்ந்தவர் எங்கள் ஊரில் அரிது. இதில் எண்ணெய் முழுவதும் தட்டுவடையில்; காய்கறியில் பெரும்பகுதி தண்ணீர். ஆகவே ஒரு தட்டுவடையை எடுத்துவிட்டு, துருவலை இரு மடங்காக்கிக் கேளுங்கள். கடைக்காரர் ஒருமுறை உற்றுப் பார்ப்பார், பிறகு பழகிவிடும். வாயில் நொறுங்கும் ஓசை அப்படியே இருக்கும்; எண்ணெய் பாதியாகிவிடும்.

பக்கோடாவுக்குப் பணியாரச் சட்டி போதும். அதே வெங்காயம், அதே கடலைமாவு, அதே பச்சைமிளகாய். குழிக்குக் கால் தேக்கரண்டி எண்ணெய் விட்டு, மூடி வைத்து, திருப்பிப் போட்டு எடுக்க வேண்டும். ஏழு குழிக்கும் சேர்த்து 8 கிராம் எண்ணெய். ஏறத்தாழ 70 கிலோகலோரி. கடைப் பக்கோடா போல் இருக்குமா? இராது, பொய் சொல்ல மாட்டேன். குழியைத் தொடும் பக்கம்தான் மொறுமொறுப்பாகும். மேற்பரப்பிலுள்ள நீர் விரைவாக வெளியேறினால்தான் மொறுமொறுப்பு வரும். அந்த வேலையில் எண்ணெய்க்கு இணை இல்லை. ஆயினும் மழை நாளில் சூடாகத் தின்ன எனக்கு இதுவே போதுமானதாக இருக்கிறது. விடுதியில் இருப்போருக்கு வேகவைத்த நிலக்கடலை, சுண்டல், சோளக்கதிர் இருக்கவே இருக்கின்றன. வறுத்த கடலையையும் வேகவைத்த கடலையையும் ஒரே கைப்பிடி எடுத்து ஒப்பிடுங்கள். பின்னதில் தண்ணீரும் சேர்ந்து வயிற்றை நிரப்புகிறது.

இனி சாமையைப் பற்றி. சேர்வராயன் மலையில் தொன்றுதொட்டு வாழும் மலையாளிப் பழங்குடியினர் (இவர்கள் தமிழ் பேசுபவர்கள், கேரளத்தவர் அல்லர்) சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவித்து உண்டவர்கள். இன்று நகரக் கடைகளில் ‘எடை குறைக்கும் சாமை’ என்று அழகிய பொட்டலங்களில், அரிசியைக் காட்டிலும் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். இந்த விளம்பரத்தை நான் ஏற்பதற்கில்லை. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவு அட்டவணையின்படி 100 கிராம் சாமையில் சுமார் 346 கிலோகலோரி. வெள்ளை அரிசியில் 356. வேறுபாடு பத்தே! சாமையில் நார்ச்சத்து அரிசியைப் போல் இரு மடங்குக்கும் மேல். புரதமும் சற்று அதிகம். அதனால் பசி அடங்கி நிற்க உதவும். நல்ல தானியம்தான், மந்திர தானியம் அன்று. மலை மக்கள் மெலிந்திருந்தது சாமையால் மட்டுமா? காடு கழனி என்று நாள் முழுதும் ஏறி இறங்கிய கால்களை ஏன் யாரும் பொட்டலத்தில் அச்சிடுவதில்லை?

அந்த அட்டவணைக்கும் நம் மலைகளுக்கும் ஓர் உறவு உண்டு. 1918இல் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவ அறிஞர் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் சிறிய அளவில் தொடங்கிய ஆய்வுப் பிரிவே வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்குச் சென்று, பின்னர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று. இந்திய உணவுகளை நிறுத்துப் பார்த்து எண்ணாக்கும் வேலை நீலகிரிக் குளிரில் வேர்விட்டது என்பதில் எனக்கு ஒரு பெருமை.

மலையில் ஒரு சங்கடமும் உண்டு. ஏற்காட்டின் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. தண்ணீர் சுமார் 95 பாகையிலேயே கொதித்துவிடும். சோறும் பருப்பும் சுண்டலும் வேகக் கூடுதல் நேரம் பிடிக்கும், எரிபொருளும் கூடும். வாணலி எண்ணெயோ அங்கும் 170, 180 பாகைக்குத் தயங்காமல் ஏறும். அவித்த பண்டத்தைவிடப் பஜ்ஜி அங்கே கடைக்காரருக்கு எளிது என்பதில் வியப்பில்லை. வீட்டில் பிரஷர் குக்கர் இருந்தால் இந்தத் தொல்லை தீர்ந்தது.

காப்பியையும் சொல்லிவிடுகிறேன். 1820களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் காலத்தில் இம்மலையில் வேரூன்றிய பயிர் அது. வெறும் காப்பியில் உணவாற்றல் ஏறக்குறைய இல்லை. அதில் விழும் இரண்டு கரண்டிச் சர்க்கரை 40 கிலோகலோரி. நாளைக்கு நான்கு முறை குடிப்பவர் பெருக்கிக்கொள்ளலாம்.

ஆனால் இந்தக் கழித்தல் எல்லாம் தின்பண்டத்தில்தான், சாப்பாட்டில் அன்று. 13 முதல் 15 வயது வரையுள்ள பையனுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,860 கிலோகலோரியும், பெண்ணுக்கு 2,400 கிலோகலோரியும் தேவை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டு மதிப்பீடு. எலும்பு நீளும் வயது அது. பெரியவர்களுக்கான எடை-உயரக் கணக்கை உங்கள் மீது போட்டுப் பார்ப்பதும் பிழை. வயதுக்கேற்ற அட்டவணை வேறு, அதைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். தோழியோ கைப்பேசியோ அல்ல. காலை உணவை விட்ட அந்த மாணவி நான்கு நாளில் இழந்தது கொழுப்பைவிடப் பாடத்தில் கவனத்தைத்தான் என்று அவளே பின்னர் என்னிடம் சொன்னாள்.

சென்ற ஆண்டும் ஏற்காடு போனோம். இம்முறை அவளே முன்னின்று ஒரு தூக்கு நிறையச் சாமைக் கொழுக்கட்டையும் வேகவைத்த கடலையும் கொண்டுவந்திருந்தாள். பதினெட்டாம் வளைவு வருமுன்பே தூக்கு காலி. மேலே போனதும் பையன்கள் பஜ்ஜிக் கடைக்கு ஓடினார்கள். நானும் இரண்டு தின்றேன். உதறித்தான் கொடுக்கச் சொன்னேன்.