ரெஃப்யூஜி இல்லாத ஊரா தில்லி?

இந்தியச் சட்டத்தில் 'ரெஃப்யூஜி' என்ற சொல்லே கிடையாது, 1951 ஐ.நா. உடன்படிக்கையில் நாம் கையெழுத்துப் போடவும் இல்லை, ஆகவே எல்லை தாண்டி வந்தவர் யாராயினும் சட்டவிரோதக் குடியேறிதான் என்கிறார்கள். தில்லித் தொலைக்காட்சி விவாதங்களில் தேய்ந்துபோன வாதம் இது. பாதி உண்மை இருப்பதால்தான் எடுபடுகிறது.

சொல்லே கிடையாது என்பது முதல் பிசகு. அகதிகளுக்கென்று தேசிய அளவில் தனிச் சட்டம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிரிவினையை அடுத்து 1948இல் கிழக்குப் பஞ்சாபும் பம்பாயும் இயற்றிய சட்டங்களின் தலைப்பிலேயே 'ரெஃப்யூஜி' இருக்கிறது. பிறகு மத்திய அரசு 'இடம்பெயர்ந்தோர்' என்ற சொல்லுக்கு மாறியது. 1954இன் இழப்பீடு, மறுவாழ்வுச் சட்டம் அந்தப் பெயரில்தான் வந்தது. தில்லியின் சித்தரஞ்சன் பார்க் முதலில் கிழக்குப் பாகிஸ்தான் இடம்பெயர்ந்தோர் காலனி. 1951 கணக்கெடுப்பில் தில்லியின் பதினேழரை லட்சம் பேரில் ஏறக்குறைய 5 லட்சம் பேர் இப்படி வந்தவர்கள். புராணா கிலாவிலும் கிங்ஸ்வே முகாமிலும் கிடந்தவர்களுக்காக எழுந்தவைதான் லாஜ்பத் நகரும் ராஜேந்திர நகரும். இன்று அங்கே மனை வாங்கக் கோடிகள் வேண்டும்!

அவர்களிடம் யாரும் விசா கேட்கவில்லை. அரசியலமைப்பின் 6ஆம் பிரிவு, தானோ பெற்றோரோ தாத்தா பாட்டியோ பிரிவினைக்கு முந்தைய இந்தியாவில் பிறந்து, 1948 ஜூலை 19க்கு முன் பாகிஸ்தானிலிருந்து வந்து இங்கேயே தங்கியவரைக் குடிமகனாகவே ஏற்றது. அப்பிரிவு அவர்களுக்கு இட்ட பெயர் என்ன தெரியுமா? 'மைக்ரேட்' செய்தவர்கள். குடியுரிமைச் சட்டத்தின் 2003 திருத்தம் முன்னால் 'இல்லீகல்' சேர்த்து வசையாக்கியதும் இதே சொல்லைத்தான்.

கையெழுத்துப் போடாத வாதமும் நிற்காது. உடன்படிக்கையின் மூல வடிவம் 1951 ஜனவரி 1க்கு முந்தைய நிகழ்வுகளோடு நின்றது. அந்த வரம்பை எடுத்ததே 1967 நெறிமுறை. அதில் சேராத இந்தியாதான் திபெத்தியருக்குப் பதிவுச் சான்று தருகிறது. தில்லியிலேயே ஐ.நா. அகதிகள் ஆணையம் ஆப்கானியரையும் மியான்மர்க்காரரையும் பதிவுசெய்கிறது. கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த சக்மாக்கள் வழக்கில், குடிமகன் அல்லாதவரின் உயிரையும் அரசு காக்க வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வந்த வழி ஒன்றுதான், ஆகவே எல்லோரும் ஒன்று என்பது அடுத்த வாதம். அரசே அதை நம்பவில்லை. அதே சட்டத்தின் 2019 திருத்தம் மூன்று நாடுகளையும் ஆறு மதங்களையும் பிரித்தெடுத்தது, இலங்கையைச் சேர்க்கவில்லை. 2025 செப்டம்பரில், 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவுபெற்ற இலங்கைத் தமிழருக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாத குற்றத்திலிருந்து விலக்கு கிடைத்தது. குடியுரிமை கிடைக்கவில்லை.

இலங்கைத் தமிழரில் இன்னொரு சாரார் எல்லையே தாண்டாதவர்கள், தமிழ்நாட்டின் மண்டபம் அகதி முகாமில் பிறந்தவர்கள். 1986இல் அங்கே பிறந்த ஒருவரைப் பிறப்பால் இந்தியர் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022இல் ஏற்றது. 1987 ஜூலை 1க்குப் பின் பிறந்தவருக்கு, பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இல்லாவிட்டால் அந்த வழியும் அடைப்பு. சட்டவிரோதக் குடியேறி என்பதற்குச் சட்டம் தரும் விளக்கம், உரிய ஆவணமின்றி இந்தியாவுக்குள் நுழைந்த, அல்லது ஆவணத்தோடு நுழைந்து அனுமதிக் காலம் கடந்தும் தங்கிய அயல்நாட்டவர் என்பது. மண்டபத்தில் பிறந்த பிள்ளை எந்த வழியாக நுழைந்தது என்று விவாதக்காரர்கள்தான் சொல்ல வேண்டும்.